சீட்டை மாற்றுவதா, ஷார்ட்ஸ் வாங்குவதா? நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

வருகிற மாசியில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஊர்களில் நகரத்தார் சமூகத்துக்குரிய ஒன்பது நகரக் கோயில்களையும் இரண்டு நாள்களில் சைக்கிளிலேயே சுற்றி வருவதென்று எங்கள் வீட்டில் மூவர் முடிவு செய்திருக்கிறோம். ஐம்பத்தெட்டு வயதாகும் நான், கம்பி பிரேக் வைத்த பழைய ஜென்ட்ஸ் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவன். என் மூத்த சகோதரியாகிய ஆச்சி, முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் காரைக்குடிக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்ப் பழகியவர். ஆச்சியின் மகனான என் மருமகன், வளைந்த ஹேண்டில் பாருடைய கியர் சைக்கிளில் குனிந்து பறப்பவன். கால் வலியைப் பற்றியோ மூச்சு வாங்குவதைப் பற்றியோ எங்களில் ஒருவருக்கும் கவலை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சீட்டில் உட்கார முடியாமல் போவதுதான் மூவருக்கும் பொதுவான தொல்லை. அதற்காக ஒதுக்கிய பணம் சிறியது என்பதால், சந்தையில் கிடைக்கிற தீர்வுகளில் எதை வாங்குவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

எடைபோடுவதற்கு முன் ஒரு தெளிவு தேவைப்பட்டது. ‘சீட் வலி’ என்று ஒரே பெயரால் நாம் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனித் தொல்லைகள். முதலாவது எலும்பு வலி. இடுப்பெலும்பின் அடியில் இரு புறமும் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகள்தான் நாம் உட்காரும்போது உடல் எடையைத் தாங்குகின்றன. அவற்றின் மேலுள்ள தசையும் தோலும் நசுங்குவதால் எழும் வலி இது. இரண்டாவது தோல் புண். வியர்வையில் ஊறிய தோல் துணியோடும் சீட்டோடும் ஆயிரக்கணக்கான முறை உரசி வழன்றுவிடுகிறது. மயிர்க்கால்களில் கிருமி புகுந்து சிறு கட்டிகளாக எழும்புவதும் இதைச் சேர்ந்ததே. மூன்றாவது மரத்துப்போதல். உட்காரும் எலும்புகளுக்கு நடுவே உள்ள மென்மையான பகுதியில் ஓடும் நரம்பும் இரத்தக் குழாய்களும் சீட்டின் நடுமேட்டாலோ, முன்னால் நீளும் குறுகிய முனையாகிய மூக்காலோ அழுத்தப்படும்போது இது நேர்கிறது. எலும்பு வலியைத் தணிக்கிற ஒரு பொருள் மரத்துப்போதலை அதிகப்படுத்தக்கூடும்; மரத்துப்போதலைத் தீர்க்கிற சீட், தோல் புண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். கடைகளில் ‘மிகவும் சொகுசு’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் விற்பதால்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு கடையில் சில நூறு ரூபாய் கொடுத்து, உள்ளே ஜெல் அடைத்த சீட் கவர் ஒன்றை வாங்கி மாட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தால் இலவம் பஞ்சுத் தலையணை போல் இருந்தது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் வரை சுகமாகவே இருந்தது. பிள்ளையார்பட்டியை நெருங்கும்போது நடுப்பகுதி மரத்துவிட்டது. திரும்பி வரும்போது தொடை இடுக்கில் தோல் வழன்று, மறுநாள் வேட்டி பட்டாலே எரிந்தது. மென்மையான பொருளின் மேல் எடை இறங்கும்போது, எலும்பு முனைகள் இரண்டும் அதற்குள் புதைந்து போகின்றன. புதைந்த இடத்திலிருந்து விலகிய ஜெல் எங்கே போகும்? நடுவில் பிதுங்கி மேலே எழும்புகிறது. எடையைத் தாங்க வேண்டிய எலும்பு தாழ்ந்து, எடையே படக்கூடாத மென்பகுதி சுமக்கத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, நாடாவால் கட்டிய கவர் ஒவ்வொரு மிதிக்கும் இரு புறமும் அசைந்துகொண்டே இருந்ததால் உரசல் இரட்டிப்பானது. வெயிலில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போய் வந்தால் அந்தக் கறுப்புக் கவரில் உட்கார முடியவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்குள் முடிகிற கடைவீதிப் பயணத்துக்கு அது போதும். அதற்கு மேல் போகிறவர் பணத்தைச் சேமித்துக்கொள்வதே நல்லது.

செலவே இல்லாத வழி ஒன்று இருக்கும்போது நான் அதைக் கடைசியாகத்தான் பார்த்தேன் என்பது இப்போது வெட்கமாக இருக்கிறது. சீட்டின் உயரம், சாய்வு, ஹேண்டில் பாரிலிருந்து அதன் தொலைவு ஆகிய மூன்றையும் ஒரு ஸ்பேனரும் அலன் கீயும் கொண்டு வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். உயரத்துக்கு எளிய சோதனை உண்டு. சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, செருப்பில்லாமல் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழ்க்கோடிக்கு வரும்போது கால் முழங்காலில் மடங்காமல் நேராக நின்றால் உயரம் ஏறத்தாழச் சரி. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு தானாக மடங்கும். கணக்குப் பிரியர்கள், சுவரோடு ஒட்டி நின்று தரையிலிருந்து கவட்டை வரையிலான உயரத்தை அளந்து அதை 0.883 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு இருக்க வேண்டும். கவட்டை உயரம் 80 செ.மீ. என்றால் சீட் உயரம் 70.6 செ.மீ. ஆகும். பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் பரவிய இந்தக் கணக்கு எல்லோருக்கும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தாது. ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம்.

சீட் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், பெடலை எட்டுவதற்காக இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் சரிகிறது. அந்தச் சரிவுதான் தோல் வழலுவதற்கு முதற்காரணம். தாழ்ந்திருந்தாலும் கேடுதான், ஏனென்றால் கால்கள் முழுவதும் நீள முடியாதபோது எடையில் பெரும்பங்கு பெடலுக்குப் போகாமல் சீட்டிலேயே தங்கிவிடுகிறது, முழங்காலும் நோகிறது. நம் ஊரில் பெரும்பாலோர், நிற்கும்போது இரண்டு கால்களும் தரையில் முழுவதும் பட வேண்டும் என்று கேட்டுச் சீட்டை இறக்கியே வைத்துக்கொள்கிறோம். அரசு தருகிற விலையில்லாச் சைக்கிளை ஓட்டுகிற பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறாற்போல் மிதிப்பதைப் பார்க்கலாம். சாய்வைப் பொறுத்தவரை, சீட்டின் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பார்ப்பதே சிறந்தது. மூக்கு மேலே தூக்கியிருந்தால் மென்பகுதி அழுந்தும். வெகுவாகத் தாழ்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கி, அதைத் தடுக்கக் கைகள் முட்டுக்கொடுத்து மணிக்கட்டு வலிக்கும். மட்டமாக வைத்துவிட்டு, மரத்துப்போகிறவர்கள் மட்டும் மூக்கை ஓரிரு பாகை இறக்கிப் பார்க்கலாம். ஒரு நாளில் ஒன்றை மட்டும், அதுவும் சிறிதளவே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவருக்கு எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

மருமகனுடைய தொல்லை இந்த மூன்றில் கடைசியில் இருந்தது. ஹேண்டில் பார் அவன் கைக்கு எட்டாத தொலைவில் இருந்ததால், அவன் தன்னையறியாமல் சீட்டின் அகன்ற பின்பகுதியை விட்டு முன்னால் நகர்ந்து மூக்கின் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். “சீட்தான் சரியில்லை அம்மான், புதுசு வாங்கணும்” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனிடம், ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் குட்டைக் கழுத்தை இன்னும் சற்றுக் குட்டையானதாக மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பாதித் தொல்லை அன்றே போயிற்று. டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவின் உச்சம் வரை காற்றடிக்கும் பழக்கத்தையும் விடச் செய்தேன். குறிப்பிட்ட வரம்புக்குள்ளேயே சற்றுக் குறைத்தால் சாலையின் அதிர்வில் ஒரு பகுதியை டயரே வாங்கிக்கொள்கிறது. கானாடுகாத்தானிலிருந்து உள்ளூர்ச் சாலைகளில் திரும்பினால் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் வலி நீடித்தால்தான் சீட்டை மாற்றும் கேள்வி எழுகிறது. இங்கே அகன்ற ஸ்பிரிங் சீட்டா, குறுகிய கெட்டிச் சீட்டா என்பதே முதல் தேர்வு; இதற்கு விடை சொல்வது நாம் உட்காரும் நிலை. நிமிர்ந்து உட்காருகிறவரின் எடை ஏறத்தாழ முழுவதும் சீட்டில் செங்குத்தாக இறங்குகிறது. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகெலும்புக்குப் போகிறது. அவருக்கு அகன்ற பின்பகுதியும் அடியில் ஸ்பிரிங்கும் உள்ள சீட் பொருத்தமானது. நம் அப்பச்சிமார் காலத்துச் சைக்கிள்களில் அப்படித்தான் இருந்தது. குனிந்து ஓட்டுகிறவரின் எடையோ கைகளுக்கும் கால்களுக்கும் பகிர்ந்து போகிறது, தொடைகளும் வேகமாக இயங்குகின்றன. அவருக்கு அகன்ற சீட்டைக் கொடுத்தால் அதன் ஓரங்கள் தொடையின் உட்புறத்தை அறுத்துவிடும். ஆகவே குறுகிய சீட்டைப் பார்த்து ‘இதில் எப்படி உட்காருவது’ என்று கேட்பதும், அகன்ற சீட்டைக் கிழவர் சீட் என்று கேலி செய்வதும் ஒரே அளவு அறியாமைதான்.

அகலம் எவ்வளவு என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பட்டாலையில் நாங்கள் மூவரும் செய்து பார்த்த முறை இது. வரிவரியாக மடிப்புள்ள அட்டைப் பெட்டியின் துண்டொன்றைக் கெட்டியான திண்ணையில் போட்டு, மெல்லிய துணி உடுத்தி அதன் மேல் உட்கார்ந்து, முன்னால் சற்றுக் குனிந்து, பாதங்களை லேசாகத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தால், எழுந்த பிறகு அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு இது 10 முதல் 15 செ.மீ.க்குள் அமையும். குனிந்து ஓட்டுபவர் அதனோடு ஓரிரு செ.மீ.யும், நிமிர்ந்து ஓட்டுபவர் நான்கு செ.மீ. அளவும் கூட்டிக்கொண்டால் சீட்டின் பின்பகுதி அகலம் கிடைக்கும். ஆள் பருமனாக இருப்பதற்கும் இந்த அளவுக்கும் தொடர்பு இல்லை என்பதை அட்டையே காட்டிக்கொடுத்தது. ஒல்லியான மருமகனுக்கும் எனக்கும் அளவு ஒன்றாகவே வந்தது. ஆச்சிக்கு எங்களைவிட இரண்டு செ.மீ. கூடுதல். சராசரியாகப் பெண்களின் இடுப்பெலும்பு அகன்றது என்பதால் அவர்களுக்கான சீட்டுகளை அகலமாகவும் மூக்குக் குட்டையாகவும் செய்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகியபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். அந்தக் குறுகிய சீட்டிலும் உயர்ந்த பாரிலும் அவர்கள் எவ்வளவு பொறுத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஆச்சியின் அட்டையைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

சீட் என்றதும் பள்ளத்தூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவ்வூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. என் சைக்கிளும் அந்த வழியில் வந்ததே. அதன் சீட் உழைத்துத் தேய்ந்து, ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்து, உட்கார்ந்தால் இடப்புறம் சாய்கிறது. இப்படி ஒரு பக்கம் தாழ்ந்த சீட்டில் எந்த ஷார்ட்ஸ் அணிந்தாலும் பயனில்லை என்பதால், என் விஷயத்தில் சீட் மாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் வாங்குவதற்கு முன் சீட்டைப் பின்னாலிருந்து பார்த்து, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது நல்லது.

தோல் சீட் எனக்கு நீண்ட நாள் ஆசை. 1866-இல் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பி-17 என்ற சீட் நூறாண்டுக்கும் மேலாக அதே வடிவில் வருகிறது; பஞ்சோ ஜெல்லோ இல்லாமல், இரும்புச் சட்டத்தில் தொட்டில் போல் இழுத்துக் கட்டிய ஒரே தடித்த தோல். முதலில் மரப்பலகை போல் இருக்கும் அது, பல நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு உட்காருகிறவரின் எலும்புக்கு ஏற்பக் குழிந்துகொள்கிறது, காற்றும் ஓரளவு புகுகிறது. பழகிய தோல் சீட்டைப் போல் நெடுந்தூரத்துக்கு உகந்தது வேறில்லை என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனாலும் எங்கள் முடிவில் அது தள்ளுபடியானதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. பழகுவதற்கு வேண்டிய தூரமும் மாதங்களும் எங்களிடம் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்தபடி அதில் உட்கார்ந்து ஓட்டினால் தோல் தொய்ந்து வடிவம் கெடும். உறை போடுவதும் மெழுகு தடவுவதும் திருகை முடுக்குவதும் என்று அதற்கு ஒரு பராமரிப்பு வேண்டும். தோல் சீட்டில் கோயிலுக்குப் போகலாமா என்று ஆச்சி கேட்டதற்கு, அது செருப்போடு வெளியில்தானே நிற்கப்போகிறது என்று மருமகன் சொன்னது வேறு விஷயம். ஆண்டு முழுவதும் ஓட்டுகிறவர், சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்துகிறவர் வாங்கலாம். இரண்டு நாள் பயணத்துக்காக வாங்குவது கல்யாணத்துக்கு முதல்நாள் புதுச்செருப்பு வாங்குவதைப் போன்றது.

நடுவில் நீள்பள்ளமோ ஓட்டையோ விட்ட சீட்டுகள் மரத்துப்போதலுக்கென்றே செய்யப்பட்டவை. சிலருக்கு இவை உடனே உதவுகின்றன, சிலருக்கு ஓட்டையின் விளிம்பே புது அழுத்தமாகிறது, ஆகையால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. மூக்கே இல்லாத சீட்டுகளும் இருக்கின்றன. சைக்கிளில் ரோந்து போகும் காவலர்களுக்கு நேர்ந்த மரத்துப்போதலையும் பாலுறவுக் குறைபாடுகளையும் ஆராய்ந்த அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 2009-இல் மூக்கில்லாச் சீட்டுகளைப் பரிந்துரைத்தது. நாள் முழுவதும் சைக்கிளிலேயே வேலை பார்ப்பவருக்கு அது தக்க யோசனை. ஆனால் திருப்பங்களில் தொடையால் சைக்கிளை நிலைப்படுத்துவதற்கு மூக்குத்தான் உதவுகிறது. அது இல்லாமல் ஓட்டத் தனியாகப் பழக வேண்டும்.

இனி, பேட் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ். என் கணிப்பில், சைக்கிளை அளவாகப் பொருத்திய பிறகு செலவிடும் முதல் ரூபாய் இதற்குத்தான் போக வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லாத் தீர்வுகளும் சீட்டோடு ஒட்டியிருக்க, இது ஒன்றுதான் உடலோடு சேர்ந்தே அசைகிறது. அடியில் தைத்திருக்கும் பேட் எலும்பு முனைகளுக்குக் கீழே மெத்தையாவதோடு, தையல் மடிப்பு எதுவும் தோலில் படாமல் காக்கிறது. உரசல் தோலுக்கும் துணிக்கும் இடையே நிகழாமல் துணிக்கும் சீட்டுக்கும் இடையே நிகழ்கிறது. வியர்வையையும் உறிஞ்சி வெளியேற்றுகிறது. நாம் வழக்கமாக அணிகிற பருத்தி ஜட்டியோ வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு, ஈரத்தோடு சுருண்டு, தொடை இடுக்கில் அதன் எலாஸ்டிக்கும் தையலும் சேர்ந்து அறுக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம், நான்கு தையல்கள் வந்து சந்திக்கும் முடிச்சு சரியாக உட்காரும் இடத்தில் இருக்கிறது. பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்குகிற நம்மவர் செய்யும் பெரும்பிழை, அதற்குள் ஜட்டியும் அணிவது. அப்படி அணிந்தால் வாங்கியதன் பயனே போயிற்று. அது நேரடியாகத் தோலில் பட வேண்டிய ஆடை.

மூவருக்கும் முதலில் இருந்த தயக்கம், ஒட்டிப் பிடிக்கும் அந்த உடையோடு கோயில் வாசலில் எப்படி நிற்பது என்பதே. இதற்கு விடை எளிது. உள்ளாடையாகவே விற்கப்படும் மெல்லிய பேட் ஷார்ட்ஸ் கிடைக்கிறது. அதை நாங்கள் வேட்டிக்குள்ளும் ஆச்சி சுடிதாருக்குள்ளும் அணியலாம். ஓட்டும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயிலில் அவிழ்த்து விட்டால் போதும். பேட்டின் தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜெல் கவருக்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும். அடர்த்தியான, உடலோடு இறுக்கமாகப் பொருந்துகிற, மடிப்பு விழாத பேட்தான் நல்லது. தளர்ந்த அளவை வாங்கினால் பேட் நகர்ந்து அதுவே அரைக்கத் தொடங்கும். விலையுயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவது மேல், ஏனென்றால் ஒரு முறை அணிந்ததைத் துவைக்காமல் மறுநாள் அணிவதுதான் கட்டிகளுக்கு அழைப்பு. சித்திரை வெயிலில் மாலை துவைத்ததைக் காலையில் எடுத்து உடுத்தலாம். பனியும் மழையும் உள்ள மாதங்களில் பேட்டின் உள்பக்கம் ஒரு பகல் காய்ந்தும் ஈரமாகவே இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும் என்பதும், வியர்த்த ஷார்ட்ஸோடு காப்பி குடித்தபடி திண்ணையில் கதை பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் நான் பட்டறிந்தவை.

தடவுகிற பொருள்களில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. ஆச்சி தேங்காய் எண்ணெய்க் கட்சி. சிறிது தூரத்துக்கு அது வழுவழுப்பைத் தருவது உண்மை, ஆனால் நம் வெயிலில் தண்ணீராக உருகித் துணிக்குள் போய்விடுகிறது, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தோலில் மிஞ்சுவதில்லை. வாஸ்லின் நெடுநேரம் நிற்கும். பேட்டில் ஊறினால் துவைத்து எடுப்பது கடினம். பவுடர் பூசிக்கொள்வது குட்டித் தூக்கத்துக்கு உதவலாம், சைக்கிளுக்கு உதவாது, வியர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாகித் தோலை அராவும். சைக்கிள்காரர்களுக்கென்று விற்கும் களிம்பு துணியிலிருந்து எளிதில் கழுவப்படுகிறது என்பதுதான் அதன் உண்மையான மேன்மை. அதில் மென்தால் கலந்தது வேண்டாம், எரியும். எனவே ஒரு நாளுக்கு வாஸ்லின் போதும், வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டுபவர் களிம்பு வாங்கலாம். அந்தப் பகுதியின் மயிரை மழித்துவிட்டுப் பயணம் போகாதீர்கள். முளைக்கும் முனை தோலுக்குள் திரும்பிக் கட்டியாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து விளிம்பு தடித்து அரிப்பெடுத்தால் அது உரசல் புண் இல்லை, பெரும்பாலும் படர்தாமரை. அதற்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகப் படரும், பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாது. தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே செலவு குறைந்த வழி. அதுபோலவே, சீழ் கோத்த கட்டி வந்தால் பிதுக்காமல் சைக்கிளை நிறுத்தி வைக்க வேண்டும். மரத்துப்போதல் இறங்கிய சில நிமிடங்களில் மறையாமல் மணிக்கணக்கில் நீடித்தால், எந்தச் சீட்டையும் வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விலைப்பட்டியலில் இடம்பெறாத இரண்டு வழிகளும் இந்த ஒப்பீட்டில் சேர வேண்டியவை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று சில சுற்று மிதித்தால் நசுங்கிய இடத்துக்கு இரத்தம் திரும்புகிறது. மேடு வரும்போது எழ வேண்டும் என்று காத்திருந்தால் நம் சமவெளியில் மேடே வராது, ஆகையால் மைல்கல்லையோ கண்மாய்க் கரையையோ குறியாக வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று பழக்கம். வாரத்தில் ஒரே நாள் நெடுந்தூரம் போவதைவிட மூன்று நான்கு நாள் குறைந்த தூரம் போவது, இரண்டு மூன்று வாரங்களில் எலும்பு மேல் தசையைப் பழக்கிவிடுகிறது. எங்கள் பயணத்தில் இன்னொரு வசதி தானாகவே அமைந்திருக்கிறது. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையில் மூன்று, மாலையில் இரண்டு என்று பிரித்து, இடையில் நான்கு மணி நேரம் ஈர உடையைக் களைந்து கிடக்கலாம்.

ஆக, நாங்கள் எடுத்த முடிவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மருமகனுக்குச் சீட் வாங்கவில்லை. ஹேண்டில் பாரின் கழுத்தை மாற்றியதும் ரசமட்டம் வைத்து மூக்கை மட்டப்படுத்தியதும் போதுமாயின, அவன் பங்குப் பணம் இரண்டு ஷார்ட்ஸுக்குப் போனது. எனக்கு ஸ்பிரிங் வைத்த அகன்ற ரெக்ஸின் சீட் ஒன்றும், வேட்டிக்குள் அணிய உள் ஷார்ட்ஸ் ஒன்றும். மாற்று உடுப்புக்கு மருமகனுடையதைக் கேட்க முடியாது என்பதால் இன்னொன்றும் வாங்க வேண்டியிருக்கும். ஆச்சிக்குத்தான் முடிவு எளிதாக இல்லை. அவருடைய சைக்கிளின் சீட் அட்டை அளவுக்குப் பொருந்துகிறது, உயரம் மட்டும் நான்கு விரற்கடை குறைவு. ஏற்றினால் கால் தரையில் எட்டாதே என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு விரற்கடையாக ஏற்றுவது என்று உடன்பட்டிருக்கிறோம். இது மூன்றாவது வாரம். நேற்று வேலங்குடி வரை போய் வந்தவர், சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூடையில் வைத்த தேங்காய் குலுங்கி விழுந்துவிட்டதைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.